கஞ்சி போட்ட இலைகள்

அந்தச் செடியை எனக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்காது. ஆளுயரத்துக்கு வளர்ந்திருந்தது. ஒரு பூ இல்லை, காய் இல்லை, வாசனை இல்லை. எருமை நாக்கு மாதிரி தடித்த இலைகளை நீட்டிக்கொண்டு, யாரோ முக்கியமானவர் வந்து உட்கார்ந்தது போல நிற்கும். செடி என்று சொன்னோமே தவிர அது மரம்தான். தரையில் வைத்தால் கூரையைத் தாண்டிப் போகும் என்றார்கள். ரப்பர் செடி.

எழுபதுகளின் கடைசியில் ஆரணியில் ஒரு பட்டு நெசவாளர் சங்கத்தில் நான் தற்காலிக குமாஸ்தாவாக இருந்தேன். சங்கத்து நிர்வாகக் குழுவில் அடிதடி முற்றி, குழுவைக் கலைத்துவிட்டு அரசாங்கம் ஒரு ஸ்பெஷல் ஆபீசரை அனுப்பியது. அவர் வந்து இறங்கிய காரில் முன்சீட்டில் அவர், பின்சீட்டில் செடி. பார்த்திருந்த வாடகை வீட்டில் வெளிச்சம் போதவில்லை என்று, சில நாளில் அதை ஆபீஸுக்கே கொண்டுவந்து தன் அறையில் வடக்கு ஜன்னலோரம் வைத்தார். ஐம்பதை நெருங்கியவர். அதிகம் பேசமாட்டார். அவர் அறைக்குள் போனால் செடிதான் முதலில் கண்ணில் படும், பிறகுதான் அவர்.

செடி வந்த வாரத்திலேயே எங்கள் பியூன் மிச்ச டீயைத் தொட்டியில் ஊற்றுவதை அவர் பார்த்துவிட்டார். அதோடு செடியைப் பார்த்துக்கொள்ளும் வேலை என் தலையில் விழுந்தது. மேல்மண் காய்ந்திருந்தால் மட்டும் போதாது, விரலை ஒரு கணு அளவு உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும், உள்ளேயும் ஈரம் இல்லை என்றால் ஒரு சொம்பு தண்ணீர், அவ்வளவுதான். வாரம் ஒரு முறை நனைத்துப் பிழிந்த துணியால் இலையைத் துடைக்க வேண்டும், அதுவும் ஒரு கையை இலைக்கு அடியில் தாங்கலாக வைத்துக்கொண்டு. தொட்டியைத் திருப்பக் கூடாது, நகர்த்தக் கூடாது. இதையெல்லாம் அவர் சொன்னபோது நான் தலையாட்டிக்கொண்டே, டைப் அடிக்க வந்தவளை ஆயா வேலைக்கு வைத்துவிட்டாரே என்று உள்ளுக்குள் பொருமினேன். எனக்குக் கோபம் சட்டென்று வரும். ஆனால் ஆபீஸில் அதைக் காட்டிக்கொள்ளும் நிலையில் நான் இல்லை.

அப்பா இறந்து தறி நின்றுபோன வீடு எங்களுடையது. நெசவுக் குடும்பம், ஆனால் கிறிஸ்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை தறி ஓடாது என்பதைத் தவிர, தெருவில் மற்ற வீடுகளுக்கும் எங்களுக்கும் பெரிய வித்தியாசம் இருந்ததில்லை. அம்மா அக்கம்பக்கத்துத் தறிகளுக்கு நூல் சுற்றிக் கொடுப்பாள். இரண்டு தங்கைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். என் வேலைக்கான உத்தரவை மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பார்கள். இரண்டு வருடம் அப்படியே ஓடியது. அந்த வருடம் மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. இனி புதுப்பிக்கக் கூடாது, தற்காலிக ஆட்களை ஒன்று நிரந்தரம் செய், இல்லை அனுப்பிவிடு. முடிவு ஸ்பெஷல் ஆபீசர் கையில். என்னை அனுப்பிவிட்டால் பெரிய தங்கை படிப்பை நிறுத்திவிட்டு அம்மாவோடு நூல் சுற்ற உட்கார வேண்டும். அம்மா அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் இன்னொரு ராட்டையைத் துடைத்து எண்ணெய் விட்டு வைத்திருந்தாள்.

அந்த நேரத்தில்தான் அவர் லீவில் போனார். மெட்ராஸ் என்றார், பத்து நாள் என்றார், குடும்ப விஷயம் என்றார். அதற்கு மேல் கேட்க யாருக்கும் தைரியமில்லை. கிளம்பும்போது என்னைக் கூப்பிட்டு, "உன் ஃபைல வந்து பாக்கறேம்மா. செடி பத்திரம்" என்றார். அவர் மனதில் இரண்டுக்கும் சம்பந்தம் இருந்ததோ இல்லையோ, என் மனதில் அன்றைக்கே முடிச்சு விழுந்துவிட்டது.

எட்டு நாள் ஒழுங்காகத்தான் பார்த்துக்கொண்டேன். ஒன்பதாம் நாள், சனிக்கிழமை, திங்கட்கிழமை காலை வருகிறேன் என்று அவர் போன் செய்ததாக மேனேஜர் சொன்னார். உடனே போய்ச் செடியைப் பார்த்தேன். பஸ் ஸ்டாண்ட் தெருப் புழுதி முழுக்க அதன் மேல்தான் இறங்கியிருந்தது. துடைத்தேன். புழுதி போனது, ஆனால் இலை மங்கலாகவே இருந்தது. அவர் இருக்கும்போது இப்படியா இருந்தது என்று திகிலாகிவிட்டது.

எங்கள் தெருவில் விடிந்ததும் பாவு நீட்டுவார்கள். சேலைக்கு நீளவாட்டில் ஓடும் இழைகளை மொத்தமாகத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, வடிகட்டிய கஞ்சியில் துளி தேங்காய் எண்ணெய் விட்டுப் பிரஷ்ஷால் தேய்த்து வெயிலில் காயவிடுவார்கள். சோர்ந்து கிடந்த நூல் விறைப்பாக நிமிரும், மினுமினுக்கும். மங்கலாக ஒன்று இருந்தால் அதற்குக் கஞ்சி போட வேண்டும் என்பது எங்களுக்கு யாரும் சொல்லித் தந்த விஷயமல்ல. பசித்தால் சாப்பிடுவது மாதிரி. வேறு எந்த ஊரில் பிறந்திருந்தாலும் எனக்கு அந்த யோசனை வந்திருக்காது.

மத்தியானம் வீட்டுக்குப் போய் மெல்லிய துணியில் கஞ்சி வடிகட்டி, எண்ணெய் விட்டு, தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு வந்தேன். அப்பாவின் பிரஷ்ஷையும் எடுத்துக்கொண்டேன். இலையின் மேல்பக்கம் மட்டும் போட்டிருந்தாலாவது பிழைத்திருக்கும். நான் தொழில் தெரிந்தவள் ஆயிற்றே! இரண்டு பக்கமும் சீராகத் தேய்த்தேன். பியூன் கதவோரம் நின்று பார்த்தார்.

"இன்னாமா, செடிக்குப் பாவு போட்டுகினு கீற?"

"சார் திங்கக்கிழமை வராருண்ணா. மூஞ்சி பாக்கற மாதிரி இருக்கணும்."

"சோக்கா கீதுமா. நம்ம சேலையவிட மினுக்குது" என்றார் அவர். அவர் மெச்சியதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. வாளியில் மிச்சமிருந்த கஞ்சியை வீணாக்குவானேன், சத்துதானே என்று தொட்டியிலேயே ஊற்றினேன்.

திங்கட்கிழமை அவர் வரவில்லை. தந்திதான் வந்தது, லீவை நீட்டிக்கச் சொல்லி. எத்தனை நாள் என்று அதில் இல்லை.

புதன்கிழமைக்குள் இலைகளின் மேல் கஞ்சி காய்ந்து வெடித்து, தோல் உரிந்த மாதிரி ஆனது. வெள்ளிக்கிழமை எறும்பு வந்தது. ஜன்னல் கம்பியிலிருந்து தொட்டி வரை கறுப்பாக ஒரு வரிசை. அடுத்த வாரம் இலைக் காம்புகளில் வெள்ளையாக மாவுப்பூச்சி. தொட்டியிலிருந்து புளித்த வாடை. பயந்துபோய் ஒரு குடம் தண்ணீரை எடுத்து ஒவ்வொரு இலையாகக் கழுவினேன். கழுவிய தண்ணீர் எல்லாம் எங்கே போகும்? தொட்டிக்குள்தான் போனது. விரலை விட்டுப் பார்க்கச் சொன்னாரே, அதெல்லாம் அப்போது நினைவிலேயே இல்லை. அடுத்த நாளும் கழுவினேன்.

முதல் இலை உதிர்ந்தபோது நான் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து அறையில் சத்தம் கேட்டது. இவ்வளவு பெரிய இலை விழுந்தால் சத்தம் கேட்கும் என்பதே எனக்குத் தெரியாது. பத்தொன்பது இலைகள் இருந்த செடி. மறுநாள் பதினேழு. அதற்கடுத்த நாள் பதினான்கு. காலையில் அந்த அறைக் கதவைத் திறந்ததும் கீழே கிடப்பதை முதலில் எண்ணிவிட்டுத்தான் நிமிர்ந்து பார்ப்பேன்.

வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அம்மாவுக்குப் பியூன் மூலம் எப்படியோ தெரிந்துவிட்டது.

"இன்னாடி இது, ஒரு செடிக்கோசரம் சோறு துன்னாம கெடக்குற? பேஜார் புடிச்சவ."

"அது செடி இல்லம்மா, என் வேலை" என்று கத்திவிட்டேன். அம்மா ராட்டையைப் பார்த்தாள். அப்படிப் பார்த்ததற்காக அவள் மேல் ஒரு வாரம் கோபமாக இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் மற்றவர்கள் நோயாளிகளுக்காகவும் மழைக்காகவும் ஜெபிக்க, நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு தொட்டிச் செடிக்காக ஜெபித்தேன். அதில் எனக்குக் கொஞ்சம்கூட வெட்கம் இருக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் நான் யாருக்காக ஜெபித்திருக்க வேண்டும் என்பது அப்போது தெரியாது.

கடைசி இலை விழுந்த அன்று பியூன் தண்டைக் கையால் அழுத்திப் பார்த்தார். அடிப்பக்கம் மெத்தென்று உள்ளே போனது.

"முட்ஞ்சிபோச்சிமா. வேரு அழுவிக்கினு கீது. வேலூர்ல நர்சரி ஒண்ணு கீது, அங்க இதே மாரி விக்கிறான். ஜல்தியா போயி ஒண்ணு வாங்கிகினு வந்துடு. அவுருக்கு எங்க தெரியப் போவுது?"

எனக்குச் சரி தவறு யோசிக்க நேரமில்லை என்று எழுதலாம். அது பொய். ஒரு முழு இரவு யோசித்தேன், யோசித்துத்தான் போனேன். காதில் கிடந்ததைச் சனிக்கிழமையே கழற்றி அடகு வைத்துவிட்டு, தோழி வீட்டுக்குப் போவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டு ஞாயிற்றுக்கிழமை காலை வேலூர் பஸ் ஏறினேன். விவரம் தெரிந்த நாளிலிருந்து நான் ஆராதனைக்குப் போகாத முதல் ஞாயிறு அதுதான்.

நர்சரியில் நான் எல்லாச் செடிகளையும் என் தோளோடு ஒட்டி நின்று அளந்து பார்த்தேன். கடைக்காரருக்கு என்னைப் பார்த்தால் சிரிப்பு. உயரம் பொருந்திய ஒன்றில் இருபத்தொரு இலைகள் இருந்தன. திரும்பும் பஸ்ஸில் கண்டக்டர் அதை மேலே ஏற்றச் சொன்னார்.

"மேல கட்டுனா நுனி ஒடிஞ்சுடுங்க. என் டிக்கெட்டுல அது உக்காரட்டும், நான் நின்னுகினு வரேன்."

"செடிக்கு சீட்டா?" என்று பஸ்ஸே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. ஆரணி வரும்வரை சீட்டுக் கம்பியைப் பிடித்து நின்றபடி, நுனியில் சிவப்பாகச் சுருண்டிருந்த புதுத் தளிருக்கு என் முந்தானையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு வந்தேன். யாராவது தும்மினால்கூட எனக்குப் பகீரென்றது.

மாலையில் பியூன் ஆபீஸைத் திறந்துவிட்டார். பழைய மண்ணை அள்ளிக் கொட்டிவிட்டு, அதே தொட்டியில் புதுச் செடியை வைத்தோம். பத்தொன்பது இருக்க வேண்டுமே. அடியிலிருந்து இரண்டு இலைகளைக் கிள்ளினேன். கிள்ளிய இடத்தில் பால் பொலபொலவென்று வடிந்து என் சேலையில் சொட்டியது. அந்தக் கறை கடைசிவரை போகவில்லை. பழைய செடியை, அதாவது அந்த மொட்டைத் தண்டை, எங்கேயாவது போட்டுவிடச் சொல்லிப் பியூனிடம் கொடுத்தேன்.

அவர் அதைச் சங்கத்துக்குப் பின்னால் இருந்த சாயப்பட்டறையில் விறகோடு விறகாகப் போட்டுவிட்டார். மறுநாள் காலை நூல் எடை குறிக்க நான் பட்டறைக்குப் போனபோது, சாயக்கொப்பரைக்குக் கீழே அடுப்பில் அது இருந்தது. பாதி காயாத தண்டு, எரியாமல் புகைந்துகொண்டே கிடந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு சாயக்காரர் திட்டினார். மேலே கொதியில் பட்டு நூல் முங்கி முங்கி எழுந்தது. நான் எடையைக் குறித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

நான்கு நாள் கழித்து இரண்டாவது தந்தி வந்தது. ஆபீசரின் மனைவி இறந்துவிட்டார். நெடுநாளாக உடம்பு சரியில்லாமல் மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறார். எங்கள் யாருக்கும் தெரியாது. மேனேஜரும் இன்னும் இரண்டு பேரும் மாலை வாங்கிக்கொண்டு மெட்ராஸ் பஸ் ஏறினார்கள். ஆபீஸே உச்சுக்கொட்டியது. எனக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா? இனி அவர் வர இன்னும் இரண்டு வாரமாவது ஆகும், அதற்குள் செடி வேர் பிடித்துவிடும் என்பதுதான். அதன் பிறகுதான் பாவம் என்று தோன்றியது. எந்த வரிசையில் தோன்றியது என்பதை நான் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அவர் வந்த அன்று அறைக் கதவுக்கு வெளியே கோப்பு ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சட்டை அவருக்குத் தொளதொளவென்று இருந்தது. நேராகச் செடியிடம் போனார். பார்த்தார். விரலை மண்ணில் விட்டார், எடுத்தார், கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். பிறகு நாற்காலியில் போய் உட்கார்ந்தார். எனக்கு மூச்சு வந்தது.

அன்றும் மறுநாளும் அவர் எந்தக் கோப்பையும் தொடவில்லை. மூன்றாம் நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என்னைக் கூப்பிட்டார். மேசையில் என் ஃபைல் திறந்திருந்தது. பேனாவைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு, எழுதாமல் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"இத யாரு வச்சது தெரியுமாம்மா?"

"தெரியாதுங்க சார்."

"என் வீட்டுல. கல்யாணமான புதுசுல யாரோ தெரிஞ்சவங்க வீட்டுல ஒரு குச்சி கேட்டு வாங்கிட்டு வந்தா. இருபத்திரெண்டு வருஷம். எந்த ஊருக்கு மாத்தினாலும் முதல்ல இதுக்கு ஜன்னல் பாப்பா, அப்புறம்தான் அடுப்படி எப்படின்னு பாப்பா. ஆஸ்பத்திரியிலயும் என்னைக் கேட்டது இதைத்தான். ஆபீஸ்ல ஒரு பொண்ணு பாத்துக்குது, நல்ல பொண்ணுன்னு சொன்னேன். சிரிச்சா."

சொல்ல வேண்டிய நேரம் அதுதான். அது எனக்கு நன்றாகவே தெரிந்தது. வாய்வரை வந்தது. ஆனால் என் கண் அவர் முகத்தில் இல்லை, பேனா முனையில் இருந்தது. அது காகிதத்தைத் தொடும் வரைக்கும் பொறுத்துக்கொள் என்று எனக்குள் ஒருத்தி சொன்னாள். தொட்டது. கையெழுத்துப் போட்டார். கீழே தேதி போட்டார். மை ஒற்றும் தாளை எடுத்து வைத்து அழுத்தி, எடுத்தார். அதுவரை நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

"இதுல ஒரு கிளையைப் பதியம் போட்டு என் பொண்ணுக்குக் குடுக்கணும். அவளுக்கும் அம்மா வச்சதுன்னு ஒண்ணு இருக்கும். எப்பப் போடலாம், சொல்லும்மா."

அந்தப் பெண்ணை நான் பார்த்ததில்லை. ஆனால் ஏதோ ஓர் ஊரில் ஏதோ ஒரு ஜன்னலில், நான் வேலூரில் வாங்கிய செடியின் கிளையைத் துடைத்துத் துடைத்து அவள் தன் அம்மா என்று நினைத்துக்கொள்ளப் போகிறாள் என்பதை என்னால் தாங்க முடியவில்லை. சொன்னேன். கஞ்சியிலிருந்து ஆரம்பித்து பஸ்வரை எல்லாவற்றையும் கோர்வையில்லாமல் சொன்னேன். கடைசியில் என் குரலே எனக்குக் கேட்கவில்லை.

அவர் எழுந்து செடியிடம் போனார். ஓர் இலையை, அடியில் கைத்தாங்கல் கொடுத்து, தூக்கிப் பார்த்தார். விட்டுவிட்டார்.

"அது எங்க?"

"சாயப்பட்டறை அடுப்புல போட்டுட்டாங்க சார். எனக்கு முன்னாடியே தெரியாது. மறுநாள்தான் பாத்தேன்."

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். மேசையில் என் ஃபைல் திறந்தபடி இருந்தது. கை நீட்டி அந்தத் தாளைக் கிழித்திருந்தால் நான் ஒரு வார்த்தை கேட்டிருக்க முடியாது.

"அன்னைக்கு என்ன சாயம் போட்டாங்க?"

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. "அரக்குங்க சார்."

"அரக்கா?" என்றார். பிறகு, யாரிடமோ சொல்வது போல, "அவளுக்கு அரக்கு பிடிக்காது" என்றார். நாற்காலிக்கு வந்து உட்கார்ந்து, ஃபைலை மூடி என் பக்கம் தள்ளினார். "எடுத்துட்டுப் போம்மா."

அதன் பிறகு அவர் ஏழு மாதம் ஆரணியில் இருந்தார். என்னிடம் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. செடி பக்கம் திரும்பியதும் இல்லை. மாற்றலாகிப் போனபோது அதை எங்கள் ஆபீஸிலேயே விட்டுவிட்டுப் போனார். நான் ஓய்வு பெறும்வரை அந்தச் சங்கத்தில்தான் வேலை பார்த்தேன். தங்கைகள் இரண்டு பேரும் படித்து முடித்தார்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது நிரந்தர உத்தரவு கையில் வந்த அந்த ஒரு மாலையைப் பற்றித்தான். வழியெல்லாம் அழுதுகொண்டே வீட்டுக்குப் போனேன் என்று எழுத எனக்கு ஆசை. அப்படி எழுதினால் படிக்கிறவர்களும் என்னை மன்னித்துவிடுவார்கள். நடந்தது அதுவல்ல. உத்தரவை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, ஐந்து மணி வெயிலில் பஜார் தெருவில் நடந்தபோது நான் சந்தோஷமாக இருந்தேன். வெறும் நிம்மதி இல்லை, சந்தோஷம். மனைவியை இழந்த மனிதர் அந்த அறையில் அந்தச் செடியோடு உட்கார்ந்திருக்கிறார் என்பது தெரிந்தும் கால் தரையில் பாவவில்லை. வீட்டு வாசலில் அம்மாவிடம் தாளை நீட்டினேன். படிக்கத் தெரியாத அம்மா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். நான் சிரித்துக்கொண்டே நின்றேன்.